வழியும் ஒரு தரிசனம்
மதுரையிலிருந்து இராமேசுவரத்திற்கு ஒரு பேருந்துப் பயணம்

 

தமிழகத்திற்குத் திருத்தல யாத்திரை செல்லும் அன்பர்கள் பலர், மதுரையையும் இராமேசுவரத்தையும் ஒரே பயணத்தில் தரிசித்துத் திரும்புகின்றனர். அவர்களுள் சிலர் நள்ளிரவில் வாகனம் ஏறி, உறக்கத்திலேயே கடலைக் கடந்து, வைகறையில் கோயில் வாசலில் கண் விழிக்கின்றனர். இரண்டு திருக்கோயில்களையும் கண்ட அவர்கள், இடையிலுள்ள வழியைக் காணாமலேயே வந்துவிடுகின்றனர். அந்த வழியும் ஒரு தரிசனமே என்று எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முன்னாளில் சேது யாத்திரை என்பது கால்நடைப் பயணம். யாத்திரிகர் தங்கி உண்பதற்காகச் சேதுபதி மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் அமைத்தனர். தீவை அடையப் படகு ஏற வேண்டும். 1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் பேருந்து மண்டபத்தோடு நின்றது. 1988 அக்டோபர் 2ஆம் நாள் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே, மதுரையில் ஏறியவர் இராமேசுவரத்தில் இறங்க முடிந்தது. இன்று சுமார் 170 கிலோமீட்டர் தூரத்தை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

மாட்டுத்தாவணி நிலையத்தில் பகற்பொழுதில் புறப்படும் பேருந்தில், சன்னலோர இருக்கையில் அமர்ந்து செல்வது நன்று. நகரைக் கடந்ததும் வைகையாறு துணைக்கு வருகிறது. சிலைமானை அடுத்துள்ள கீழடியில், மண்ணுக்கடியில் உறங்கிய பழந்தமிழர் வாழ்விடம் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. 2023 முதல் அங்கு அருங்காட்சியகமும் உண்டு.

அடுத்து வருவது திருப்பூவணம், மூவராலும் பாடப் பெற்ற தலம். அம்மூவரும் வைகையின் மறுகரையில் வந்து நின்றபோது, ஆற்று மணலெல்லாம் சிவலிங்கமாகத் தோன்றியதாம். மிதித்து நடக்க அஞ்சிய அவர்கள் அக்கரையில் நின்றபடியே பாடினர். அவர்கள் காணும்பொருட்டு நந்தி சற்றே விலகியது என்பது தல வரலாறு. கோயிலுக்குப் போகும் வழியையே கோயிலாகக் கண்டவர்கள் அவர்கள்!

கடம் செய்யும் குயவர் பெருமக்கள் வாழும் மானாமதுரையும், நெசவுத் தறிகள் ஒலிக்கும் பரமக்குடியும் அடுத்தடுத்து வருகின்றன. பசுமை மெல்லக் குறைந்து பனைமரங்களும் சீமைக் கருவேலமும் மிகுகின்றன. வறண்ட பூமிதான், எனினும் சாலையோரக் கண்மாய்களைக் கண்டால், மழைநீரைத் தேக்கி வாழ்ந்த முன்னோரின் அறிவு விளங்கும். வைகையும் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. கடலைத் தேடிப் போகுமுன் வயலுக்குத் தன்னை வழங்கிவிடும் ஆறு அது.

இராமநாதபுரம் சேதுபதிகளின் தலைநகர். சுவாமி விவேகானந்தரின் 1893ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்திற்குத் துணை நின்றவர் பாஸ்கர சேதுபதி. வெற்றியோடு திரும்பிய சுவாமிகள் 1897 சனவரி 26ஆம் நாள் பாம்பனில் கரையிறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே.

மண்டபம் கடந்ததும் பேருந்து பாலத்தில் ஏறுகிறது. உறங்குவோரும் விழித்துக்கொள்ளும் இடம் இது. இடப்புறம் பாக் நீரிணை. வலப்புறம் மன்னார் வளைகுடா. சிறு படகுகள் அலையில் அசைய, அருகே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் தூக்குப் பாலம் காட்சி தருகிறது.

இந்த அழகிய கடலே 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் சீறியெழுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற இரயில் அலையில் மூழ்க, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி என்னும் ஊரே அழிந்தது. சிதைந்த இரயில் பாலத்தை, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் உழைத்தவர்கள் 46 நாட்களில் சீரமைத்தனர். யாத்திரிகர் இன்று சில நிமிடங்களில் கடக்கும் நீர்ப்பரப்பு, பலருடைய உயிரும் உழைப்பும் கலந்தது என்பதை மறத்தலாகாது.

தங்கச்சிமடம் தாண்டினால் பேக்கரும்பு. அங்கே அப்துல் கலாம் அவர்களின் நினைவகம் உள்ளது. படகோட்டும் குடும்பத்தில் 1931இல் இத்தீவில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர், பிறந்த மண்ணிலேயே துயில்கிறார். அதன்பின் சற்று நேரத்தில் இராமநாத சுவாமியின் கோபுரம் கண்ணில் படுகிறது. நெடிய தூண் வரிசைகளால் புகழ்பெற்ற பிரகாரமும், 22 தீர்த்தங்களும் அன்பரை வரவேற்கின்றன.

அன்பர்களே! அடுத்த முறை சேதுவுக்குச் செல்வோர் பகற்பேருந்தில் செல்வீர்களாக. உறங்கும் பிள்ளைகளை எழுப்பி, ஆற்றையும் கண்மாயையும் கடலையும் காட்டுங்கள். பாட்டன் பூட்டன் விட்டுவந்த மண்ணை அப்பிள்ளைகள் காண்பதற்கு வேறொரு வாய்ப்பு அமையாமலும் போகலாம். அக்கினி தீர்த்தத்தில் மூழ்கும்போது, அக்கடலில் மறைந்தோர்க்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்ளுங்கள். ஆற்று மணலில் சிவத்தைக் கண்ட மூவரின் பார்வையில் ஒரு துளியேனும் வாய்த்தால், யாத்திரை பேருந்தில் ஏறிய கணத்திலேயே தொடங்கிவிடும்.

அனைவருக்கும் இராமநாத சுவாமியின் திருவருள் சித்திப்பதாக.