மௌனத்திற்கு விலை பேசலாமா?

(பெங்களூரு ஆஸ்டின் டவுனில் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்ணிடம் நிர்வாகத்தின் வழக்குரைஞர் ஒரு தாளை நீட்டுகிறார்: தொகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும், வெளியே பேசக் கூடாது. வாடகைக்கும் வழியற்ற நிலையில் கையெழுத்து இடப்படுகிறது.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி, பெண் கோரினால் மட்டுமே சமரசம். பணம் அதற்கு அடிப்படையாதல் கூடாது. 16ஆவது பிரிவு புகாரின் விவரங்களை வெளியிடத் தடை விதிக்கிறது. எனினும், அடையாளம் வெளிப்படாமல், கிடைத்த நீதியைச் சொல்ல இடமளிக்கிறது.

வழக்குரைஞரின் கடமை யாது? கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது தொழில் தருமம். ஆயினும் சட்டவிரோத நோக்கத்திற்குத் துணைபோகும் உரையாடலுக்குச் சாட்சியச் சட்டம் அக்காப்பை அளிப்பதில்லை. கட்சிக்காரர் நேர்மையற்ற வழியில் செல்வதைத் தடுக்க முயல வேண்டும் என்பது இந்திய வழக்குரைஞர் கழகத்தின் விதி. குற்றத்தைக் காவல்துறையிடம் சொல்லாதிருக்கப் பணம் தரும் உடன்பாடு, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி செல்லாது. அதை அறிந்தே எழுதுபவர், கையெழுத்திடுபவரின் அறியாமையையும் அச்சத்தையும் நம்பியே எழுதுகிறார்.

ஹார்வி வெய்ன்ஸ்டீனிடம் பணியாற்றிய ஜெல்டா பெர்கின்ஸ், 1998இல் லண்டனில் இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன் படியை வைத்துக்கொள்ளவும் அவருக்கு அனுமதியில்லை. 2017இல்தான் அதை மீறிப் பேசினார். இடைப்பட்ட 19 ஆண்டுகள், பின்னால் வந்த பெண்களுக்கு எச்சரிக்கையின்றிக் கழிந்தன.

எனவே, தமக்கென ஒரு வழக்குரைஞர், கையில் ஒரு படி, ஆலோசிக்க அவகாசம் ஆகிய மூன்றுமின்றி எவரும் கையெழுத்திடாதபடி சங்கம் துணைநிற்க வேண்டும். பெயரை மறைப்பது பெண்ணின் உரிமை. குற்றத்தை மறைப்பது முதலாளியின் உரிமையன்று.