உறைநிலத்தின் மேல் எழுந்த தங்க நகரம்: டாசன் சிட்டி

கனடாவின் வடமேற்குக் கோடியில், அலாஸ்காவை ஒட்டிய யூக்கான் ஆட்சிப்பகுதியில், கிளாண்டைக் என்னும் ஆறு யூக்கான் பேராற்றோடு கலக்கும் இடத்தில் டாசன் சிட்டி அமைந்திருக்கிறது. 64 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஜூன் மாதத்தில் நள்ளிரவிலும் இங்கு முழு இருள் கவிவதில்லை. குளிர்காலத்திலோ, யூக்கான் ஆற்றின் குறுக்கே பாலம் இல்லாத இவ்வூருக்கு, உறைந்த ஆறே பெரும்பாலும் மறுகரைக்குச் செல்லும் சாலையாகிவிடுகிறது. இன்று ஏறத்தாழ 1,500 பேர் வாழும் இச்சிற்றூரில்தான், ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு உலகின் புகழ்பெற்ற தங்க வேட்டைகளுள் ஒன்று நடந்தது.

ஊருக்குள் நுழையும் பயணிகளின் கவனத்தை முதலில் ஈர்ப்பவை தார் காணாத சரளைத் தெருக்களும், அவற்றின் ஓரமாக ஓடும் பலகை நடைபாதைகளும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய மரக்கட்டடங்களும் ஆகும். இவற்றுக்கெல்லாம் காரணம் நிலத்தடியில் இருக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பூஜ்யம் பாகை செல்சியசுக்கு மேற்படாமல் இருக்கும் மண்ணைப் புவியியலாளர் நிலையான உறைநிலம் என்பர். கட்டடத்தின் உட்சூடு அம்மண்ணை இளக்கும்போது அடித்தளம் சீரற்று அமிழ்ந்து சுவர்கள் சாய்கின்றன. இந்த உறைநிலமே தங்கத்தை மூடி வைத்திருந்தது. அதைத் தோண்டும் முறையை வகுத்ததும், அவசரமாக எழுந்த நகரத்தை அசைத்துக்கொண்டிருப்பதும் அதுவே.

தங்கம் வெளிப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, இரு ஆறுகளும் கூடும் முனை திரோண்டெக் ஹ்வெச்சின் மக்களின் கோடைக்கால மீன்பிடி இடமாக இருந்தது; ஆற்றுக்குள் கழிகளை அடித்து அணைபோல் நிறுத்தி, கடலிலிருந்து எதிர்நீச்சலிட்டு வரும் சால்மன் மீன்களை அவர்கள் பிடித்து உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்தனர். 1896 ஆகஸ்ட் 16 அன்று, ஸ்கூகம் ஜிம் என்று அறியப்பட்ட கெய்ஷ், டாசன் சார்லி என்னும் பழங்குடியினர் இருவரும், கெய்ஷின் சகோதரி கேட்டின் கணவரான ஜார்ஜ் கார்மாக்கும் அங்கிருந்த ஓர் ஓடையில் தங்கத்தைக் கண்டனர். கண்டுபிடிப்பாளருக்குரிய நிலம் கார்மாக்கின் பெயரில் பதிவானது, ஓடையும் பொனான்சா என்னும் புதுப்பெயர் பெற்றது. தங்கம் தேடி வருவோருக்கு வீடும் மரமும் வேண்டியிருக்கும் என்று கணித்த ஜோ லடூ என்ற வணிகர், ஆற்றங்கரைச் சதுப்பில் நகர மனைகளை அளந்து, மரம் அறுக்கும் ஆலையையும் அங்கே கொண்டுவந்தார்.

1897 ஜூலையில் தங்கத்தோடு இரு கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவையும் சியாட்டிலையும் அடைந்தபின், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்திருந்தோர் உட்பட ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிளாண்டைக்கை நோக்கிப் புறப்பட்டனர். ஓராண்டுக்குப் போதுமான உணவின்றி எவரும் எல்லையைக் கடக்கக் கூடாது என்று கனடியக் காவல் படை விதித்ததால், பலரும் தலா ஏறத்தாழ ஒரு டன் சுமையைப் பகுதி பகுதியாகத் தூக்கிக்கொண்டு சில்கூட் கணவாயின் பனிச்சரிவில் பலமுறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதன்பின் ஏரிக்கரையில் தாமே படகு கட்டி, 1898 மே மாத இறுதியில் பனி உடைந்ததும் ஆற்றில் இறங்கினர். முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர் டாசனை அடைந்தபோது, வளமான ஓடைகள் அனைத்தும் முன்னரே பதிவாகிவிட்டிருந்தன. தங்க நிலங்களுக்குச் சொந்தக்காரராக வேண்டும் என்று வந்தவர்களுள் பலர் அவற்றில் கூலிகளாயினர்.

இங்குள்ள தங்கம் பாறையிலிருந்து அரித்து வரப்பட்டுப் பழைய ஆற்றுப்படுகைகளில் படிந்த வண்டல் தங்கமாகும். அது உறைந்த சரளைக்கு அடியில், அடிப்பாறையை ஒட்டிக் கிடந்ததால், தொழிலாளர் இரவில் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கி, பகலில் இளகியதைத் தோண்டி, கயிறும் வாளியும் கொண்டு மேலேற்றிக் குளிர்காலம் முழுதும் குவித்துவைத்தனர். வசந்தத்தில் ஓடைநீர் பாயத் தொடங்கியதும், குறுக்குச் சட்டங்கள் பொருத்திய சாய்வான மரக்கால்வாய்களில் அக்குவியலைக் கழுவ, கனமான தங்கம் சட்டங்களுக்கு இடையே தங்கியது. இதற்காகச் சுற்றியுள்ள மலைகளின் காடுகள் விறகாயின.

1899இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் தங்கம் கிடைத்த செய்தி எட்டியதும் ஆயிரக்கணக்கானோர் டாசனைவிட்டு வெளியேறினர். தனி மனித உழைப்பின் இடத்தைப் பெருநிறுவனங்களின் இயந்திரங்கள் பிடித்தன. பொனான்சா ஓடையருகே இன்றும் நிற்கும் நான்காம் எண் மிதவைத் தூர்வாரி, வாளிச் சங்கிலியால் படுகையை அள்ளி விழுங்கித் தங்கத்தைப் பிரித்துக் கற்களைப் பின்னால் உமிழ்ந்த எட்டு மாடி உயரப் பொறியாகும். அதன் இனத்துப் பொறிகள் விட்டுச்சென்ற கற்குவியல்கள் பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கின்றன. ஆட்சிப்பகுதியின் தலைநகரமும் 1953இல் டாசனிலிருந்து வைட்ஹார்ஸுக்கு மாறியது. ஆயினும் உறைநிலம் எதிர்பாராத ஒரு செல்வத்தைக் காத்துத் தந்தது: பழைய நீச்சல் குளம் ஒன்றை நிரப்பப் புதைக்கப்பட்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேசாப்படச் சுருள்கள் 1978இல் தோண்டியெடுக்கப்பட்டன, அவற்றுள் வேறெங்கும் எஞ்சாத படங்களும் இருந்தன.

தங்க வேட்டை தொடங்கியபோது, திரோண்டெக் ஹ்வெச்சின் தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றின் கீழ்ப்போக்கில் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூஸ்ஹைட் என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். மரபுப் பாடல்களும் நடனங்களும் அழிந்துவிடக் கூடாது என்று அவற்றை அலாஸ்காவிலுள்ள உறவினரிடம் ஒப்படைத்தார். அவை பின்னர் உரியவர்களிடம் திரும்பி, இப்போது மூஸ்ஹைட்டில் நடைபெறும் ஒன்றுகூடல்களில் பாடப்படுகின்றன. திரோண்டெக் ஹ்வெச்சின் மக்கள் 1998இல் கனடிய அரசுகளோடு செய்த உடன்பாட்டின் வழியே நில உரிமையையும் தன்னாட்சியையும் பெற்றனர். 2023இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, குடியேற்றத்தை அம்மக்கள் எதிர்கொண்டு தழைத்த வரலாற்றையே அதன் சிறப்பாகக் குறித்தது. டாசனுக்குச் செல்வோர் நடனக்கூடங்களையும் தூர்வாரியையும் பார்ப்பதோடு, ஆற்றங்கரையில் அம்மக்கள் நடத்தும் பண்பாட்டு மையத்துக்கும் சென்றுவர வேண்டும். மூன்றே ஆண்டுகளில் அடங்கிய வேட்டைக்கு முன்னும் பின்னும் இங்கே நிலைத்து வாழ்ந்தவர்களின் வரலாற்றை அறியாதவரை இவ்வூரின் வரலாறு பாதியளவே விளங்கும்.