வெட்டுண்ட கிளையும் வாழும் மரமும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் நல்விருந்தும் நிறைந்த இந்நாளில், கை கால் இழந்தோரின் புண்ணையும் வலியையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் குடியிருப்பை ஒருமுறை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். பிழைப்பை நாடி இங்கு வந்து வேரூன்றிய முதல் தலைமுறையினர் இன்று முதுமை எய்தியுள்ளனர். நீரிழிவு எட்டிப் பார்க்காத வீடு அரிதாகிவிட்டது. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் உண்டு என்று 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. இந்நோய் காலின் நரம்பை மரக்கச் செய்து, குருதிக் குழாயையும் அடைத்து, முடிவில் விரலையோ காலையோ கொள்ளைகொள்ளும் கொடுமையை நாம் அறிவோம். சாலை விபத்துகளும் அவ்வாறே உறுப்பைப் பறிக்கின்றன. இவ்விழாவுக்கு வர இயலாமல் வீட்டினுள் இருப்போரையும் நினைத்தல் விழாவின் கடமையே ஆகும்.

நம்மவரிடையே இருவகைப் பிழைகள் காணப்படுகின்றன. அறுவை மருத்துவர் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னவுடன், தைலமும் லேகியமும் தேடி நாள்களைக் கடத்துவது ஒன்று. அறுவை முடிந்தபின், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று நோயாளியை உள்ளறையில் கிடத்திவிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஆயுர்வேதத்தின் பழைய நூலே மறுக்கின்றது என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

அறுவை மருத்துவத்திற்கு இந்நாட்டில் முதல் நூலாகப் போற்றப்படுவது சுசுருத சம்ஹிதை. உடலில் 107 வர்ம இடங்கள் உண்டு என்று கூறும் அந்நூல், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றின் வர்மங்களில் அடிபட்டுக் குருதி பெருகி வலி மிகும்போது என்செய்வது என்றும் ஆராய்கின்றது. அப்போது தயங்காமல் மணிக்கட்டிலோ கணுக்காலிலோ உறுப்பை விரைந்து நீக்குக என்பது அதன் விதி. அதற்கு அது காட்டும் காரணம் வியப்பூட்டுவது. உறுப்பு முழுதும் துண்டிக்கப்பட்டால் குருதிக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. குருதி ஒழுக்குக் குறைகின்றது. ஆதலின் அம்மனிதன், கிளை வெட்டுண்ட மரம் பட்டுப்போகாதது போல, உயிர் பிழைக்கின்றான் என்பது அதன் கருத்து. அறுபட்ட தமனி தானே சுருங்கி உள்வாங்கும் இயல்புடையது என்பதை இற்றைநாள் உடலியலும் ஒப்புகின்றது. உயிரைக் காக்க உறுப்பை விடலாம் என்று தெளிந்த ஒரு நூலின் பெயரைச் சொல்லி அறுவையைத் தள்ளிப்போடுவது, அந்நூலுக்கே மாறானது அன்றோ?

நூலைப் போற்றுவதென்றால் அதன் ஒவ்வொரு முறையையும் இன்று அப்படியே செய்வதென்று பொருள் அன்று. உறுப்பு முற்றிலும் துண்டானால் வெட்டுவாயைச் சுடு தைலத்தால் சுட்டு, உறைபோன்ற கட்டினால் மூடுமாறு சுசுருதர் பணிக்கின்றார். ஐரோப்பாவிலும் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் அம்புரோவாஸ் பாரே 16-ஆம் நூற்றாண்டில் அதனைக் கைவிட்டு, குருதிக் குழாயை நூலால் முடியும் முறையைப் பரப்பினார். இன்று மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்துவிட்டன. சுடு தைலத்தின் காலம் முடிந்தது. குருதியை நிறுத்து, புண்ணைக் காத்திடு, கட்டுக் கட்டு என்னும் ஒழுங்கு மட்டும் முடியவில்லை.

இனிப் புண்ணைப் பற்றிக் காண்போம். புண்ணுக்குச் செய்யத்தக்க சிகிச்சைகள் அறுபது என்று சுசுருதர் வகுத்துள்ளார். அவற்றினும் நமக்குப் பயன்படுவது, புண்ணைக் கண்ணால் படிக்க அவர் கற்பிக்கும் பாடம். நல்ல புண் நாவின் மேற்பரப்பைப் போன்ற நிறமுடையது, மென்மையானது, வலியும் கசிவும் அற்றது. தீய புண்ணோ நாற்றம் வீசும், சீழ் கொள்ளும், நிறம் மாறும். இந்த வேறுபாட்டை அறிய மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. நாள்தோறும் கட்டு மாற்றும் மனைவியோ மகனோ மருமகளோ அறியலாம். நிறம் கறுத்தாலும், நாற்றம் எழுந்தாலும், காய்ச்சல் கண்டாலும், அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும். மறுநாள் பார்ப்போம் என்பது கூடாது.

திரிபலைக் கஷாயத்தால் புண்ணைக் கழுவுவதும், ஜாத்யாதி தைலம், தேன், நெய் ஆகியவற்றை இடுவதும் ஆயுர்வேத மரபு. இவற்றுள் தேனைப் பற்றி ஆய்வுகள் பல நிகழ்ந்துள்ளன. ஆழமில்லாத தீப்புண்களைத் தேன் விரைந்து ஆற்றுவதாக அவை காட்டுகின்றன. நீரிழிவுப் புண் முதலிய பிறவற்றில் முடிவு அவ்வளவு தெளிவாக இல்லை. அன்றியும் மருத்துவமனைகளில் இடுவது கதிரியக்கத்தால் கிருமி நீக்கிய தேன். நம் சமையலறைத் தேன் அன்று. ஆறாத வெட்டுவாயில் மஞ்சள் தூளையோ, பச்சிலையையோ, வீட்டு எண்ணெயையோ இடுதல் கூடாது என்பதை வற்புறுத்திக் கூறுகின்றோம். எம்மருந்தாயினும் அறுவை மருத்துவரும் பட்டம் பெற்ற ஆயுர்வேத வைத்தியரும் அறிய இடுவதே முறை. உட்கொள்ளும் மருந்துக்கும் இவ்விதி பொருந்தும். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. பெயர் தெரியாத பொட்டலத்தை நம்பலாகாது.

நீரிழிவு உடையோரின் புண் அரிதின் ஆறும் என்று சுசுருதரே எழுதியுள்ளார். ஆதலின் புண்ணுக்கு இடும் மருந்தினும் சருக்கரையைக் கட்டுக்குள் வைப்பதே முதல் மருந்து. உணவிலும் ஒரு சொல் உண்டு. பத்தியம் என்ற பெயரால் நம் வீடுகளில் நோயாளிக்குக் கஞ்சியும் ரசமும் மட்டுமே கொடுத்து உடலை வற்றச் செய்கின்றோம். புண்பட்டோர்க்குப் பழைய அரிசிச் சோற்றையும் பயற்றையும் இறைச்சியையும் விதித்தவர் சுசுருதர். தசை வளரப் புரதம் வேண்டும் என்று இன்றைய மருத்துவமும் கூறுகின்றது. சிறுநீரகம் பழுதுற்றோர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அடுத்தது வலி. இதில் இருவகை உண்டு. எஞ்சிய உறுப்பின் நுனியில் எழும் வலி ஒன்று. இல்லாத உறுப்பில் எழும் வலி மற்றொன்று. இல்லாத காலின் பெருவிரல் முறுக்குகின்றது, இல்லாத கையின் நகம் உள்ளங்கையைக் கிழிக்கின்றது என்று நோயாளி சொல்லும்போது, வீட்டார் மனக்கோளாறு என்று எண்ணி அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றோரைக் கண்ட மருத்துவர் வியர் மிட்செல், 1871-இல் இதற்கு மாய உறுப்பு எனப் பொருள்படும் பெயரை இட்டார். காலை இழந்தபின்னும் காலைக் குறித்த வரைபடம் மூளையில் நிலைத்திருப்பது இதற்கு ஒரு காரணம். வலி மெய்யானது; அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை.

இத்துறையில் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் அவர்களின் பணி உலகறிந்தது. 1990-களில் அவர் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியைக் கொண்டு வழி கண்டார். நல்ல கையைக் கண்ணாடியின் முன் வைத்து அசைத்தால், இழந்த கையே அசைவதாகக் கண்ணுக்குத் தோன்றும்; முறுகிக் கிடந்த மாயக் கை தளர்வதைப் பலர் உணர்ந்தனர். எல்லார்க்கும் இது பயன் தருவதில்லை; எனினும் செலவு சிறிது, தீங்கு மிகக் குறைவு. மருத்துவர் தரும் மருந்துகளோடு இதனையும் கேட்டுப் பயிலலாம்.

ஆயுர்வேதம் வலியை வாதத்தின் தொழில் என்கின்றது. வாதத்திற்கு எண்ணெயும் இளஞ்சூடும் மருந்து என்கின்றது. மாயவலியை இத்தைலம் தீர்க்கும் என்று உறுதி கூறத்தக்க பெரிய ஆய்வுகள் இல்லை. ஆயினும் தொடுகையைத் தாங்காத நுனித்தோலை மெல்லத் தட்டியும் துணியால் வருடியும் பழக்குவது இயன்முறை மருத்துவரும் கற்பிக்கும் முறையே. புண் முழுதும் ஆறித் தையல் வடு உறுதியான பின், மருத்துவரின் இசைவோடு, இரவில் இளஞ்சூடான தைலத்தைத் தடவி மென்மையாக நீவலாம். காலையில் கழுவித் துடைத்துவிட்டே செயற்கைக் காலை அணிய வேண்டும். தைலத்தின் சூட்டை நோயாளியின் காலில் இட்டுச் சோதித்தல் ஆகாது. நரம்பு மரத்தவர்க்குச் சுட்டாலும் தெரியாது. வீட்டார் தம் முழங்கையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, குருதி ஓட்டம். அறுவைக்குப்பின் எஞ்சிய உறுப்பு வீங்கும். வீக்கம் வடிந்து உருவம் ஒழுங்குபட்டால்தான் செயற்கைக் கால் பொருந்தும். இங்கே கட்டுக் கலை பயன்படுகின்றது. சுசுருதர் கட்டுகளைப் பதினான்கு வகையாகப் பிரித்து, இறுக்கம், நடுத்தரம், தளர்ச்சி என மூன்று அளவும் கூறி, கை கால்களுக்கு நடுத்தரமே தக்கது என்கின்றார். இன்றைய மீள்துணிக் கட்டும் நுனியில் சற்று அழுத்தமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும், எட்டு வடிவில் குறுக்காகச் சுற்றப்படுவது. வளையம் வளையமாக இறுக்கினால் குருதி தடைப்படும். நாளில் பலமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். முழங்காலின் கீழே தலையணை வைத்தால் மூட்டு மடங்கியே இறுகிவிடும். அன்பின் மிகுதியால் நம் தாய்மார்கள் செய்யும் தவறு இது.

அட்டை விடுதலைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். சுசுருதர் அட்டைகளைப் பன்னிரண்டு வகையாக்கி, ஆறு நஞ்சுடையன, ஆறு நஞ்சற்றன என்றார். 1985-இல் பாஸ்டன் நகரில் நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை மீண்டும் பொருத்தியபோது, தேங்கிய குருதியை அகற்ற அட்டைகளே உதவின. 2004-இல் அமெரிக்க மருந்து நிருவாகம் அவற்றுக்கு இசைவளித்தது. ஆனால் அது சிரையில் தேங்கிய குருதிக்கு உரிய முறை. தமனி அடைத்துக் குருதி வாராத காலுக்கு அட்டை உதவாது. குருதி உறையாமைக்கு மருந்து உண்போர்க்குத் தீங்காகும். அவ்வாறே, திடீரென வீங்கி வெம்மையுற்று நோகும் காலை நீவுதல் கூடாது. உள்ளே உறைந்த குருதிக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். குருதி ஓட்டத்திற்குப் பெரும்பகை புகையிலை. அதை விடாதவர்க்கு எத்தைலமும் பயனில்லை.

அன்பர்களே! சுசுருத சம்ஹிதையில் புண்பட்டோரைப் பேணும் முறைக்கென்றே தனி அதிகாரம் ஒன்று உண்டு. காற்று வீசாத தூய இல்லம், வசதியான படுக்கை, நாளுக்கு இருமுறையாகப் பத்து நாள் வெண்கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றால் புகை என்று பலவும் சொல்லி, இடையே ஒன்று சொல்கின்றது. இன்சொல் பேசும் நண்பர்கள் அருகிருந்து, கதைகள் கூறி, ஆறுதல் அளித்து, புண்ணின் வேதனையை மறக்கச் செய்க என்பது அது. மருந்தோடு மருந்தாக நட்பையும் விதித்த நூல் அது. புகையை இன்று நாம் விட்டுவிடலாம். தூய்மைக்கு வேறு வழிகள் வந்துவிட்டன. நட்புக்கு மாற்று இன்னும் வரவில்லை.

தாயகத்தில் எனின் மாமனும் அத்தையும் சித்தப்பாவும் வந்து திண்ணையில் அமர்ந்திருப்பர். இங்கே அண்டை வீட்டாரே சுற்றம், சங்கமே திண்ணை. ஆதலின் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். உறுப்பிழந்த ஒருவர் உள்ள வீட்டுக்கு வாரம் ஒருநாளேனும் இருவர் சென்று உரையாடி வருக. சங்கக் கட்டிடத்தின் வாயிற்படி அருகே சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளம் அமைக்குக. செயற்கைக் கால் பெற வழி தெரியாதவர்க்கு வழி காட்டுக.

செயற்கைக் கால் என்றதும் பழைய கதை ஒன்று நினைவுக்கு வரும். போரில் காலிழந்த விஷ்பலைக்கு அசுவினி தேவர்கள் உலோகக் கால் அளித்ததாக ரிக் வேதம் கூறுகின்றது. நம் காலத்தில் அப்பணியைச் செய்தவர்கள் செய்ப்பூர் நகரத்தார். இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960-களின் இறுதியில் உருவாக்கிய ரப்பர்ப் பாதம், வெறுங்காலோடு நடக்கவும், குந்தி அமரவும், சேற்றில் இறங்கவும் இடந்தருவது. நம் நாட்டு வாழ்க்கையை அறிந்து செய்தது. அங்கே 1975-இல் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, அதைக் கட்டணமின்றி வழங்குகின்றது. கைவினைஞரும் மருத்துவரும் ஒன்றுகூடியதால் விளைந்த நன்மை இது. அறுவை மருத்துவரும் ஆயுர்வேத வைத்தியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டாரும் அவ்வாறே ஒன்றுகூடுதல் வேண்டும்.

கிளை வெட்டுண்ட மரம் தானாகத் தளிர்ப்பதில்லை. வேருக்கு நீர் வார்ப்பார் வேண்டும். அந்நீரை வார்க்கும் கை நம் சங்கத்தின் கையாக இருக்கட்டும்.