தேறாத விமானி



மற்ற வேலைகளில் பரீட்சை முதலில், வேலை பிறகு. விமானக் கம்பெனியில் இது தலைகீழ். இன்டர்வியூ முடிந்து, உத்தரவு கைக்கு வந்து, சம்பளமும் ஏற ஆரம்பித்த பிறகுதான் உண்மையான சோதனையே தொடங்குகிறது. இரண்டு மூன்று மாதம் கம்பெனி பயிற்சி கொடுக்கும். தேறினால் விமானி, தேறாவிட்டால் வீடு. அப்படி வீட்டுக்குப் போனவர் திரும்பவும் ஒரு விமானக் கம்பெனியின் சீருடையைப் போட முடியுமா? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்விக்கு அங்கே சட்டமே இருக்கிறது; அந்தச் சட்டம் எப்படி வந்தது என்ற சோகக் கதையும் விபத்து அறிக்கைகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்கார வேண்டுமென்றால் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 2013 முதல் இதுதான் விதி. பல்கலைக்கழகத்தில் விமானப் படிப்பு படித்தவர்களுக்கு 1,000, ராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750 என்று சலுகை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டும் லைசென்ஸ் 250 மணியிலேயே கிடைத்துவிடுகிறது. மீதி ஆயிரத்துச் சொச்சம் மணி நேரத்துக்கு எங்கே போவது? பெரும்பாலானவர்கள் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். படிப்புக்கே ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கியிருப்பார்கள். நான்கு பேர் உட்காரும் செஸ்னா விமானத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே மணிக்கணக்கை ஏற்றுவார்கள்.

பின்னால் வரும் சிக்கலுக்கு வித்து இங்கேதான் விழுகிறது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார், பிரேக்கில் ஒரு கால் இருக்கும், வண்டியை ஓட்டுவது வேறொருவர். விமான வாத்தியாரும் அப்படித்தான். லாக் புத்தகத்தில் ஏறும் மணி நேரம் அவருடையது. ஆனால் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்திருந்தது மாணவனின் கை. அதுவும் பெரும்பாலும் பளிச்சென்ற பகல் வெளிச்சத்தில், தெரிந்த ஊரைச் சுற்றி. மேகத்துக்குள் நுழைந்து, வெளியே ஒன்றுமே தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது தனி வித்தை. வேகம், உயரம், திசை, சாய்வு என்று கண் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கண் பழக்கம் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். 1,500 மணி நேரம் முடித்துவிட்டு வருபவருக்கு அதில் துரு ஏறியிருப்பதை லாக் புத்தகம் காட்டாது. சிமுலேட்டர் காட்டிவிடும்.

அடுத்தது வேகம். செஸ்னா தரையிறங்க வருவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டரில். சிறிய ஜெட் விமானம் ஏறக்குறைய இரண்டு மடங்கில் வரும். பத்தாயிரம் அடிக்குக் கீழே அது போகலாம் என்று விதி அனுமதிக்கும் வேகம் மணிக்கு 460 கிலோமீட்டருக்கும் மேல். செஸ்னாவில் யோசித்து முடிவெடுக்கக் கிடைத்த அவகாசம் இங்கே கிடைக்காது. ‘விமானத்துக்குப் பின்னால் ஓடுகிறான்’ என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். விமானம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். இவர் மனசு முந்தைய கட்டத்திலேயே நிற்கும்.

சிமுலேட்டருக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஆறு கால்களில் நிற்கும் பெரிய வெள்ளைப் பெட்டி. உள்ளே அச்சு அசலான விமானி அறை. விலை உயர்ந்த இயந்திரம் என்பதால் இரவும் பகலும் ஓடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நள்ளிரவு நேரம் ஒதுக்கப்படுவது சகஜம். ஒரு முறை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். இரண்டு மணி நீங்கள் ஓட்ட, இரண்டு மணி உங்கள் ஜோடி ஓட்ட. ஓடுபாதையில் வேகம் ஏறுகிறது. ‘வி ஒன்’ என்று குரல் வருகிறது. இதற்குமேல் நிறுத்த முடியாது, மேலே போயே ஆக வேண்டும் என்று அர்த்தம். அந்த நொடியில் பின்னால் இருக்கும் பயிற்சியாளர் திரையைத் தொட்டு இடது எஞ்சினை நிறுத்துகிறார். மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது காலை அழுத்தி நேராக்க வேண்டும். அளவாக அழுத்த வேண்டும், கூடினாலும் தப்பு. மூக்கை மெதுவாகத் தூக்க வேண்டும். சக்கரத்தை உள்ளே இழுக்கச் சொல்ல வேண்டும். பிறகு, கேட்க வேடிக்கையாக இருக்கும், சில நூறு அடி ஏறும்வரை வேறு எதையும் தொடக்கூடாது. சும்மா இருப்பதுதான் கஷ்டம். பதறிய கை ஏதாவது ஒரு பொத்தானைத் தேடும். தேறாதவர்களில் பலர் சறுக்குவது காலில் இல்லை, இந்தச் சில நொடிகளில்தான் என்பது என் கணிப்பு.

ஒரு நாள் சொதப்பினால் உடனே வெளியே தள்ளிவிடமாட்டார்கள். கூடுதலாக ஒன்றிரண்டு வகுப்பு கொடுப்பார்கள், பயிற்சியாளரை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால் மறுபரிசீலனைக் குழு கூடும். அங்கே பல நேரங்களில் நீட்டப்படுவது இரண்டு காகிதம்: ஒன்று நீங்களே எழுதித்தரும் ராஜினாமா, மற்றது பணிநீக்க உத்தரவு. முதல் வருஷம் முழுக்கத் தகுதிகாண் காலம் என்பதால் யூனியனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எல்லாரும் ராஜினாமாவைத்தான் எழுதுவார்கள். எழுதினால் கறை பதியாது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் சரிதான்; இப்போது இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். 1994 டிசம்பர் 13 அன்று வடக்கு கரோலினாவில் ராலே விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறிய ஜெட்ஸ்ட்ரீம் விமானம் விழுந்தது. இருந்த 20 பேரில் 15 பேர் இறந்தார்கள். எஞ்சின் நின்றுவிட்டதாகக் கேப்டன் தப்பாக நினைத்தார், அது நிற்கவில்லை. விசாரித்தபோது, அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலேயே அவருடைய திறமை பற்றிச் சந்தேகம் எழுந்து, அவர் அங்கிருந்து விலகி வந்தவர் என்று தெரிந்தது. புதிய கம்பெனி அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று அப்போது விதியும் இல்லை. 1996-ல் அதற்குச் சட்டம் வந்தது.

சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது மூக்கைக் கீழே விட வேண்டிய கேப்டன், மேலே இழுத்தார். லைசென்ஸ் சோதனைகளில் அவர் பல முறை தவறியிருந்தார். வேலைக்கு விண்ணப்பித்தபோது அவை எல்லாவற்றையும் சொல்லவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தன. 2010-ல் வந்த சட்டத்தில்தான் அந்த 1,500 மணி நேரமும், விமானிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் தரவுத்தளமும் இடம்பெற்றன. தரவுத்தளத்துக்கான விதி முழுதாக வெளியானது 2021-ல். பதினோரு வருஷம்! அரசாங்க வேகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்தப் பதினோரு வருஷத்துக்கு நடுவில், 2019 பிப்ரவரி 23 அன்று, அட்லஸ் ஏர் சரக்கு விமானம் டெக்சாஸில் டிரினிட்டி விரிகுடாவில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இறங்கிக்கொண்டிருந்த விமானம் தவறுதலாக மேலே ஏறும் நிலைக்கு மாறிவிட்டது. உடம்பு பின்னால் அழுந்தியதை மூக்கு நிமிர்வதாகத் துணை விமானி உணர்ந்து, பலமாகக் கீழே தள்ளினார். அரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அவர் அதற்கு முன்பு ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளில் பயிற்சியில் தவறியவர். எதிர்பாராதது நடந்தால் பதறிப் பொத்தான்களை அழுத்த ஆரம்பித்துவிடுவார் என்று பழைய பயிற்சியாளர் ஒருவர் விசாரணையில் சொன்னார். அந்தக் கம்பெனிகளில் சிலவற்றின் பெயரை அவர் விண்ணப்பத்தில் எழுதவே இல்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்றது விசாரணை வாரியம்.

ஆகவே இன்றைக்கு அமெரிக்காவில் பயிற்சியில் தேறாதவர் ராஜினாமா கொடுத்தாலும் சரி, நீக்கப்பட்டாலும் சரி, அந்தப் பயிற்சிப் பதிவு தரவுத்தளத்தில் ஏறிவிடும். அவர் ஆயுள் முழுக்க அங்கே இருக்கும். அடுத்த கம்பெனி அதைப் பார்க்காமல் அவரைப் பறக்க விட முடியாது. இதைக் கேட்டதும், அப்படியானால் வாழ்க்கையே போச்சே என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. தோல்வி தெரியக்கூடாது என்ற பயத்தில் எல்லாரும் மறைத்த காலத்தில், உண்மையைச் சொன்னவருக்குத்தான் நஷ்டம். இப்போது மறைத்துப் பயனில்லை என்பதால், சொல்கிறவருக்குத்தான் லாபம். தவிர, அந்தத் தரவுத்தளத்தில் தோல்வி மட்டும் ஏறுவதில்லை. பிறகு தேறிய சோதனைகளும் ஏறுகின்றன. தவறாகப் பதிந்திருந்தால் திருத்தக் கேட்கவும் வழி உண்டு. தன் பதிவைத் தானே பார்க்கலாம். வெளியே வந்தவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். பல பேர் வெட்கப்பட்டுக்கொண்டு பார்ப்பதே இல்லை.

இரண்டாவது வேலை, திரும்பவும் சிறிய விமானம். இங்கேதான் அமெரிக்காவுக்கு ஒரு பெரிய வசதி. பொதுப் பயன்பாட்டுக்கு மட்டுமே ஐயாயிரம் அளவில் விமான நிலையங்கள். வாடகை விமானம், வாத்தியார் வேலை, சரக்கு என்று ஜெட்டுக்குக் கீழே பல படிகள். அவற்றில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது சரக்குதான். ஃபெடெக்ஸ் போன்ற கம்பெனிகளுக்காக, சிற்றூர்களிலிருந்து பார்சல்களை ஏற்றிவரும் கேரவன் விமானங்கள் இருக்கின்றன. ஒற்றை எஞ்சின், பெரும்பாலும் ஒற்றை விமானி. மழை, பனி, இருட்டு எதுவானாலும் மேகத்துக்குள் தானே ஓட்ட வேண்டும். பக்கத்தில் வாத்தியாரும் இல்லை, மாணவனும் இல்லை. அங்கே சேர 1,200 மணி நேரம் போதும், அது பெரும்பாலும் இவரிடம் ஏற்கெனவே இருக்கும். துரு ஏறிய கண் பழக்கம் சில மாதத்தில் பளபளப்பாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கருவிப் பறத்தலில் சோதனை உண்டு. ஒன்றிரண்டு வருஷம் ஓட்டினால், பழைய தோல்விக்கு மேலே வரிசையாகத் தேறிய பதிவுகள் நிற்கும். யாருடைய சிபாரிசுக் கடிதமும் இதற்கு ஈடாகாது.

சம்பளம் குறையும், தூக்கம் கெடும். கூடப் படித்தவர்கள் அதற்குள் ஜெட்டில் கேப்டன் ஆகியிருப்பார்கள். இங்கே மனதைத் தளரவிடுகிறவர்கள் உண்டு, அது புரியக்கூடியதுதான்.

மூன்றாவது, இன்டர்வியூ. ‘எப்போதாவது சோதனையில் தவறியிருக்கிறீர்களா, ராஜினாமா செய்யச் சொல்லப்பட்டிருக்கிறீர்களா?’ என்று நேராகவே கேட்பார்கள். ‘எனக்கு வாய்த்த ஜோடி சரியில்லை, பயிற்சியாளருக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் பத்து நிமிஷம் பேசுகிறார். இன்னொருவர், ‘கருவிப் பறத்தலில் பழக்கம் விட்டுப்போய் வந்தேன். எஞ்சின் நின்றால் அவசரப்பட்டேன். இரண்டு தடவை கூடுதல் வாய்ப்பு கொடுத்தார்கள், அதிலும் தேறவில்லை. அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் தனியாகச் சரக்கு ஓட்டினேன், சோதனைகள் எல்லாவற்றிலும் முதல் தடவையே தேறினேன்’ என்று முடித்துவிடுகிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் பதிவு திறந்தே இருக்கிறது. சொன்னதும் பதிவும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். சில சமயம் முதலாமவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லாரும் நல்ல ஆசிரியர்கள் இல்லை. கால அட்டவணைக்குள் முடிக்கும் அவசரம் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. ஆனாலும் அந்த அறை அதைச் சொல்லும் இடம் இல்லை.

எல்லாரும் திரும்பத்தான் வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு கம்பெனியில் தவறியவர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் அவரை நம்பி ஏறலாம். அதே பதற்றம், அதே இடத்தில், மூன்றாவது கம்பெனியிலும் வந்தால், டிரினிட்டி விரிகுடா நினைவுக்கு வராமல் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்குச் சிமுலேட்டர் வாத்தியார், பாதுகாப்புப் பிரிவு, விமான அனுப்புகை என்று விமானத் துறையிலேயே நல்ல வேலைகள் இருக்கின்றன.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே 200 மணி நேரத்தில் வணிக லைசென்ஸ். குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சியும் முடித்தால் நேராக ஏர்பஸ் வலது இருக்கை. இரண்டு முறைகளில் எது மேல் எது கீழ் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் நடுவில் படிகளே குறைவு என்பதால், இங்கே தவறுகிறவருக்கு இறங்கி நின்று மூச்சு வாங்க இடம் கிடைப்பது அரிது. கேரவன் ஓட்டிப் பழகலாம் என்றால், அந்தக் கேரவன்கள் எங்கே? வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை விமானப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்பதோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: பையன் தேறாவிட்டால் அடுத்த வருஷம் எதில் பறப்பான்?

அமெரிக்க விமானக் கம்பெனிகளில் விமானிக்கு ஓய்வு வயது 65. இருபத்தைந்தில் தவறியவர் திரும்பிச் சேர்ந்த பிறகும், கம்பெனி மாறும் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பார்கள். நாலைந்து முறை சொன்னபின் அந்தப் பதில் இரண்டு நிமிஷத்துக்குச் சுருங்கிவிடும். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.