விலை கொடுத்தும் குத்தகையா?

பிள்ளைகளின் விளையாட்டுச் சங்கதிதானே என்று நாம் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். இது சொத்துப் பிரச்னை. பிரெஞ்சுக் கம்பெனியான யூபிசாப்ட் 2014-ல் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய வீடியோ விளையாட்டை விற்றது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் அந்தச் சர்வர் வேண்டும். ஆகவே ஆட்டமே செத்தது. பிறகு, வாங்கியவர் கணக்கிலிருந்தும் அதைப் பிடுங்கியது. கேட்டால், விற்றது பொருளல்லவாம், அனுமதியாம்!

தஞ்சைக் குத்தகை விவசாயிக்கு இந்த நியாயம் புதிதா? 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருமுன், மிராசுதார் நினைத்தால் வெளியேற்றம். இங்கோ முழு விலையும் கொடுத்தவனுக்கே அந்தக் கதி.

அனுமதியை மட்டும் விற்பவர், அதைச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாதென்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டம். சொல்லிவிட்டுப் பறித்தால் பறிப்பு ஆகாதோ? ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கேட்பது வேறு: கடையை மூடு, விற்ற ஆட்டத்தை ஆடும் நிலையில் விட்டுப் போ!