பழைய கார்: துருவும் பொன்னும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். நானோ துருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது என்ன விந்தை என்று நீங்கள் எண்ணலாம். பழைய கார்களின்மேல் நம் இளைஞர்களுக்கு இன்று ஒரு பெருங்காதல் பிறந்திருக்கிறது. கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் அம்பாசிடரையோ, பியட்டையோ, ஹெரால்டையோ வாங்கிச் செப்பனிட்டு ஓட்ட வேண்டும். இயன்றால் நல்ல விலைக்கு விற்கவும் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆசை குற்றமன்று. ஆனால் அதற்கு முதலாக இடும் பணம் எத்தகையது? சுரங்கத்தில் தந்தையும் பாட்டனும் உழைத்துச் சேர்த்தது. அல்லது விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளைகள் மிச்சம் பிடித்தது. அந்தப் பணம் துருவிலே கரைந்துவிடக் கூடாது என்பதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு போண்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்னும் வண்டியை வெளியிட்டது. நடுத்தர உடலில் எட்டு சிலிண்டர் பெரும் எஞ்சினைப் பூட்டிய அவ்வகை வண்டிகளை ‘மசில் கார்’ என்று அந்நாட்டார் அழைத்தனர். அங்கே பனிக் காலத்தில் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு காரின் அடியில் ஒட்டி இரும்பை அரித்துவிடும். ஆகவே எஞ்சின் எவ்வளவு ஆற்றல் உடையதாயினும், அடித்தகடு நிற்கிறதா என்பதையே அங்குள்ள தேர்ந்தவர் முதலில் பார்ப்பர்.

நம் நாட்டிற்கு அத்தகைய கார்கள் வந்தவை மிகச் சில. நமக்கு வாய்த்தவை வேறு. உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர் ஒன்று. பம்பாய்ப் பியட் மற்றொன்று. நம் சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் செய்தளித்த ஹெரால்டு மூன்றாவது. இங்கே பனியும் இல்லை, சாலையில் உப்பும் இல்லை. ஆயினும் சென்னைக் கடற்காற்றில் உப்பு உண்டு. ஆகவே, “இந்த வண்டி எத்தனை கைகள் மாறியது?” என்று கேட்பதற்கு முன், “எந்த ஊரில் வாழ்ந்தது, எங்கே நின்றது?” என்று கேளுங்கள். கடலோரத்தில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியும், நம் மேட்டு நிலத்தில் கூரையின்கீழ் நின்ற வண்டியும் ஒன்றாகா.

அன்பர்களே! துரு இருவகை. ஒன்று தோலில் படிந்தது. மற்றொன்று எலும்பைத் தின்றது. தோலில் படிந்ததைத் தேய்த்து வண்ணம் பூசினால் போதும். எலும்பைத் தின்ற துருவே குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துவது. காரின் எலும்பு எது? இங்கே ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஹெரால்டுக்குச் சேஸிஸ் என்னும் சட்டம் தனி, உடல் தனி. உடற்பகுதிகளைச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பிணைத்திருப்பார்கள். கதவோ பின்மூடியோ கெட்டால் மாற்றிவிடலாம். சட்டம் கெட்டால் வண்டியே இல்லை. அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் உடலே எலும்பு. கதவின்கீழ் ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரைத்தகடு, பின்வில் தொங்கும் இடம் இவையே அவற்றின் பாரத்தைத் தாங்குவன. இவை அரித்துப்போனால் மேலே பூசிய பளபளப்பு பிணத்திற்குச் சூட்டிய மாலையே ஆகும்.

இதனை எவ்வாறு சோதிப்பது? மாடு வாங்கப் போகும் உழவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அந்தப் பொறுமை இங்கும் வேண்டும். பட்டப் பகலில் செல்லுங்கள். காந்தத் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். இரும்புத் தகட்டின்மேல் அது ஒட்டும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தால் அவ்விடத்தில் பிடிப்புத் தளரும். பட்டி தடித்திருந்தால் ஒட்டாமல் விழும். வண்ணம் கொப்புளம் போட்டிருந்தால் அதனை அற்பமாக எண்ணாதீர்கள். துரு தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடம் கொள்ளும். அதனால்தான் வண்ணம் உப்புகிறது. கொப்புளம் வெளியே தெரியும்போது நோய் உள்ளே முற்றியிருத்தல் கூடும்.

பின்னர்த் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உபரிச் சக்கரம் கிடக்கும் குழியில் நீர் தேங்கிய தடம் உண்டா என்று நோக்குங்கள். உரியவரின் இசைவு பெற்று, திருப்புளி முனையால் அடித்தகட்டை மெல்லக் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு எதிர்த்து நிற்கும். கெட்டது பொறையைப் போல் உதிரும். அடிப்பகுதி முழுவதும் புதிதாய்க் கருவண்ணம் பூசப்பட்டிருந்தால், ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். கதவுகள் ஒழுங்காகப் பொருந்தி மூடுகின்றனவா, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்றும் காணுங்கள். கதவு தொங்கினால் கீல் தேய்ந்திருக்கலாம், உடலே தளர்ந்துமிருக்கலாம். சுரங்கத்துள் மேற்பாறையைக் கடப்பாரையால் தட்டி, ஓசையைக் கொண்டே உறுதியையும் பொள்ளலையும் அறிந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்தச் செவி நமக்கு இன்றும் இருத்தல் வேண்டும்.

பலர் செய்யும் பிழை, எஞ்சின் ஓசையைக் கேட்டு மயங்குவது. எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பழுது பார்க்கலாம். அம்பாசிடர் உறுப்புகளைப் பெங்களூர் ஜே.சி. சாலையிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் தேடலாம். ஆனால் ஹெரால்டின் கண்ணாடி, விளக்கு வளையம், ஓரப் பட்டைகள் ஆகியவை தொலைந்திருந்தால் தேடிக் காண்பது அரிது. ஆகவே, ஓடும் ஆனால் அரித்த வண்டியைக் காட்டிலும், ஓடாத ஆனால் முழுமையான உறுதியான வண்டியே மேல்.

இனிக் காகிதம். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வாங்கினால், அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இன்றி இங்கே பதிவை மாற்ற இயலாது. கர்நாடக வரியும் சேரும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021இல் மைய அரசு தனி விதிகளை வகுத்தது. ஆனால் சட்டத்திலும் உடலிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யாத வண்டிக்கே அந்தச் சிறப்பு. அப்படிப் பதிந்த வண்டியை நாள்தோறும் வேலைக்கு ஓட்டவும் இயலாது.

இறுதியாகக் கணக்கு. ஒரு வண்டி 40,000 ரூபாய்க்கு வருகிறது என்று கொள்வோம். தகட்டு வேலை, வண்ணம், எஞ்சின், டயர், மெத்தை, பதிவு என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி இங்கேதான் முழுப் பொருள் பெறும். கூட்டிய தொகை, அதே வகையில் செப்பனிட்ட நல்ல வண்டியின் விலையை மிஞ்சினால், அந்த நல்ல வண்டியையே வாங்குவது அறிவு.

இந்தக் கணக்கு நமக்குப் புதியதன்று. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தது முதல் நம் மண்ணில் நடந்தது இதே கணக்கே. பாறையில் பொன் உண்டா என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. ஒரு டன் பாறையில் எவ்வளவு பொன், அதை எடுக்க எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். ஆழம் மூன்று கிலோமீட்டரைக் கடந்தது. டன்னுக்குக் கிடைத்த பொன் சில கிராமாகச் சுருங்கியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றும் பாறையில் பொன் இருந்தது. செலவுதான் பொன்னை விழுங்கிவிட்டது.

ஆயினும், தம்பிமார்களே, ஒன்றை மறவாதீர்கள். செலவு எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. வெல்டிங் கற்றவரும், கடைசல் பிடித்தவரும், பெமல் ஆலையில் இரும்போடு வாழ்ந்தவரும் நம் காலனியில் உண்டு. பிறருக்குக் கூலியாகப் போகும் பணம் அவர்களுக்குச் சொந்த உழைப்பு. நகரத்துச் செல்வருக்கு நட்டமாகும் வண்டி, இத்தகைய கைகளுக்கு ஆதாயமாகலாம். எனவே வாங்குமுன் வண்டியைப் பாருங்கள். உங்கள் கையையும் பாருங்கள். அனுபவம் வாய்ந்த ஒரு பெரியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் தாயிடமும் மனைவியிடமும் கணக்கைக் காட்டுங்கள். அவர்களிடம் சொல்லக் கூசும் கணக்கு நல்ல கணக்காக இராது. எலும்பு உறுதி, காகிதம் சுத்தம், கணக்கு நேர் என்றால் துணிந்து வாங்குங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு அழகான வண்டியாயினும் வணங்கிவிட்டு வந்துவிடுங்கள்.