கட்டத் தாளிலிருந்து கணினித் திரைக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"கம்ப்யூட்டர்ல பொம்மை செய்யுற பொண்ணு" என்று என்னை அறிமுகப்படுத்தினாங்க. சரிதான், அதுதான் என் வேலை. உங்க பேரப்பிள்ளைங்க செல்போன்ல விளையாடுற கேம்ல ஒரு கோட்டை வரும், குதிரை வரும், ஓரமா ஒரு தண்ணிக் குடம் இருக்கும். அது ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியுற மாதிரி முழு உருவமா செய்யணும். இதற்குத்தான் த்ரீ-டி மாடலிங் என்று பெயர்.

இதை மற்ற ஊரில் விளக்குவது கஷ்டம். காஞ்சிபுரத்தில் சுலபம். புடவைக்கு டிசைன் போடுறவர் கட்டம் போட்ட தாளில் யாளியையும் அன்னப்பட்சியையும் ஒவ்வொரு கட்டமா நிரப்புவதை நாம பார்த்திருக்கோம். அந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவாங்க. ஓட்டை இருக்கும் இடத்தில் ஜக்கார்டு பெட்டி பாவு இழையைத் தூக்கும். என் வேலையும் கட்டம்தான். குதிரையின் உடம்பு முழுக்க நாலு மூலை உள்ள சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. கால் மடங்குற இடத்தில் கட்டம் நெருக்கமா இருக்கணும், முதுகில் கொஞ்சம் இருந்தால் போதும். ஏன்னா போன் அந்தக் குதிரையை ஒரு நொடிக்கு 30 தடவை, 60 தடவை திரும்பத் திரும்ப வரையுது. கட்டம் கூடினால் போன் சூடாகி கேம் நின்னு நின்னு ஓடும். ஜரிகையை எங்கே கொட்டணும், எங்கே புட்டாவோட நிறுத்தணும் என்று நாம போடுற அதே கணக்குதான்.

அடுத்து தையல் குழு அக்காமாருக்கு ஒரு விஷயம். உருவம் செஞ்சதும் அதுக்கு நிறம் ஏத்தணும். தைச்ச ரவிக்கையைப் பிரிச்சு, கையைத் தனியா, முதுகைத் தனியா தரையில் விரிக்கிற மாதிரி அந்த உருவத்தைப் பிரிச்சு விரிப்போம். அதன் மேல் வண்ணம் தீட்டி மறுபடியும் சேர்ப்போம். தையல் தெரியாத இடத்தில் வரணும், அக்குளுக்கு அடியில், முதுகுப் பக்கம். புதுசா வர்ற பசங்க நிறையப் பேர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எனக்கு இது சீக்கிரம் வந்ததுக்கு அம்மாவின் தையல் மிஷின்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதுக்கு ப்ளெண்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கு. 2002-லிருந்து அது யாருக்கும் இலவசம். இலவசம்னா மட்டமானது என்று நினைக்காதீங்க. லாட்வியா என்ற சின்ன நாட்டில் ஒரு பூனையை வைத்து எடுத்த 'ஃப்ளோ' என்ற படம் முழுக்க இதில் செய்தது. 2025-ல் அது ஆஸ்கர் வாங்கியது. நம்ம நாட்டிலும் புனேயில் ஒரு சின்னக் குழு 2020-ல் 'ராஜி' என்று ஒரு கேம் வெளியிட்டது. அதில் ஒரு பெண் தன் தம்பியைத் தேடிப் போகிறாள். தம்பி பெயர் கோலு. நம்ம நவராத்திரி கொலு இல்லை! ராஜஸ்தான் கோட்டைகளை அதில் அவ்வளவு அழகா செஞ்சிருப்பாங்க. நம்ம ஊர்க் கோபுரத்தை யார் செய்யப் போறாங்க என்று அப்போ எனக்குத் தோணுச்சு.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது கைலாசநாதர் கோயிலின் ஒரு சிங்கத் தூண். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, மணற்கல். ஆயிரத்து முன்னூறு வருஷ மழையும் வெயிலும் அரிச்சு மூக்கு எது, பிடரி எது என்றே சில இடத்தில் தெரியாது. காலையிலும் சாயந்திரமும் போய்ப் போட்டோ எடுத்தேன். வெளிச்சம் சாய்ஞ்சு விழுந்தால்தான் செதுக்கின ஆழம் தெரியும். பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மை செய்பவர்கள் முகத்தை எப்படித் திரட்டுறாங்க என்று நின்னு பார்த்தேன். ரெண்டரை மாசம் ஆச்சு. என்னை வேலைக்கு எடுத்தவங்க அந்த ஒரு தூணைத்தான் கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. சர்ட்டிபிகேட்டை யாரும் கேட்கவே இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. ஒரு தனியார் பயிற்சி மையத்தில் எங்களிடம் ஒன்றே முக்கால் லட்சம் கேட்டாங்க. "வேலைக்கு கேரண்டி" என்றாங்க. எழுதித் தாங்க என்று அம்மா கேட்டதும் பேச்சை மாத்திட்டாங்க. வளையலை அடகு வைக்க எடுத்துப் போன அம்மா அப்படியே திரும்பிட்டாங்க. அப்புறம்தான் குழுவில் 40,000 ரூபாய் கேட்டது, பழைய கம்ப்யூட்டர் வாங்க. அன்னைக்குக் கூட்டத்தில் நடந்த சண்டை இங்கே இருக்கிற பலருக்கு ஞாபகம் இருக்கும். மாடு வாங்கக் கடன் கொடுக்கலாம், பொண்ணு கேம் விளையாடவா கடன் என்று ஒரு அக்கா கேட்டாங்க. வேலை கிடைக்கலன்னா தவணை யார் கட்டுறது என்று இன்னொருத்தர் கேட்டாங்க. ரெண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. அம்மா தைச்சே முதல் 11 தவணை கட்டினாங்க. மீதி 9 தவணை என் சம்பளத்திலிருந்து போச்சு.

அதனால் ஆசை மட்டும் காட்டிட்டுப் போக மாட்டேன். இந்தத் தொழிலில் வேலை நிலையில்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பன்னாட்டு நிறுவனம் நொடிச்சுப் போச்சு. அதன் பெங்களூரு ஸ்டுடியோவில் சினிமா கிராபிக்ஸ் செய்த ஏராளமானவர்கள் வேலை இழந்து நின்னாங்க. இப்போ செயற்கை நுண்ணறிவு வந்து குடம், கல், மரம் மாதிரி சின்ன வேலைகளைத் தானே செய்யப் பார்க்குது. புதுசா வர்றவங்க கை பழகுறது அந்தச் சின்ன வேலையில்தான். எனக்கும் இந்தப் பயம் உண்டு. கண் வலி, இடுப்பு வலியும் உண்டு. தறிக் குழியில் உட்கார்ந்தவங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

அதனால பிள்ளை கேட்டால் எடுத்ததும் பணம் கட்டாதீங்க. ப்ளெண்டரை இறக்கிக் கொடுத்து மூணு மாசம் செய்ய விடுங்க. மூணு மாசத்துக்கு அப்புறமும் ராத்திரி அதிலேயே உட்கார்ந்திருந்தால் மேலே யோசிக்கலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைன்னா 'நான் முதல்வன்' திட்டத்தில் இது சம்பந்தமான வகுப்பு இருக்கா என்று கேட்கச் சொல்லுங்க. மகளிர் திட்ட அலுவலகத்திலும் இலவசத் திறன் பயிற்சிகளின் பட்டியல் கேளுங்க. இருந்தால் சேருங்க, இல்லைன்னா எங்களுக்கு வேணும் என்று கூட்டமைப்பு தீர்மானம் போட்டுக் கொடுங்க.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு எழுத மட்டும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை அது சும்மாதான் கிடக்குது. தலைவி அக்கா சாவி தந்தால், மாசத்தில் ரெண்டு ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் வர்றேன். பெண் பிள்ளைகளை முதலில் அனுப்புங்க. மூணு பட்டன் உள்ள மவுஸ் ஒன்று வேணும், அதை நானே வாங்கிட்டு வந்துடறேன்.